இரவு வட்டாரத்துக்கு இன்னும் என்ன குறை?

வாசகர் கேள்வி, மார்ச் 2

பத்து வருடத்துக்கு முன்னால் வெறும் கிடங்குத் தெரு. இன்று நகரத்தின் இரவு வட்டாரம். பார், கிளப், மேடைக் கச்சேரி எல்லாம் வந்தாகிவிட்டது. ஆனால் மூன்று வருடமாக வளர்ச்சி நின்ற இடத்திலேயே நிற்கிறது. கடை மூடும் நேரம் என்ற ஒன்றை எடுத்துவிட்டால் மீதி தானாக வரும் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 11.50

இல்லை என்கிறேன். இப்படிப்பட்ட ஒரு தெருவில் பதினொரு வருடம் சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் நின்றவன் நான். மேடைக்கு முன்னால் ஆடுகிறவர்கள் பார்க்காத ஒரு காட்சியைத் தினமும் பார்த்திருக்கிறேன். கச்சேரி முடிந்து, கேபிளைச் சுருட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது தெரு எப்படி இருக்கிறது என்பதுதான் அது.

2 மணிக்கு மூட வேண்டும் என்றால் 2.05க்கு மொத்தத் தெருவும் ஒரே நடைபாதையில் நிற்கும். போக வண்டி இல்லை. உட்கார இடமில்லை. காது அடைத்திருப்பதால் எல்லோரும் கத்திப் பேசுவார்கள். யாரோ யாரையோ இடிப்பார்கள், அப்புறம் தள்ளுமுள்ளு. நான் பார்த்த அடிதடிகளில் பெரும்பாலானவை உள்ளே நடந்தவை அல்ல, டாக்சி வரிசையில் நடந்தவை.

மூடும் நேரத்தை எடுத்தால் இது தீராது. வண்டி வேண்டும்.

மார்ச் 3, காலை

தூக்கக் கலக்கத்தில் எழுதியது, உதாரணம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சிட்னியில் கிங்ஸ் கிராஸ் என்றொரு வட்டாரம். அங்கேயும் நகர மையத்திலும் 2014 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. 1.30க்குப் பிறகு எந்த இடத்துக்குள்ளும் புதிதாக ஆளை விடக்கூடாது, 3 மணியோடு மது நிறுத்தம். கிங்ஸ் கிராஸில் யாரோ விட்ட ஒரே குத்தில் இளைஞர்கள் இறந்துபோன இரண்டு சம்பவங்களுக்குப் பிறகு வந்த சட்டம், அதனால் அப்போது எதிர்த்துப் பேசவும் யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்த நகரத்து டாக்சி ஓட்டுநர்கள் ஷிஃப்ட் மாற்றுகிற நேரமும் அதிகாலை 3 மணி. ரயில் அதற்கு வெகு முன்பே நின்றிருக்கும். கூட்டத்தை வெளியே விடுகிற அதே நிமிடத்தில் வண்டிகள் ஷெட்டுக்குப் போகின்றன. உட்கார்ந்து திட்டம் போட்டால்கூட இவ்வளவு கச்சிதமாகச் சொதப்ப முடியாது.

மார்ச் 3, மாலை

"அப்படியானால் அந்தச் சட்டம் தவறு என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஆமாம் என்று சொல்லத்தான் கை பரபரக்கிறது. பிழைப்பு அப்படி.

ஆனால் கிங்ஸ் கிராஸில் அடிதடி வழக்குகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதை மறைத்துப் பேசினால் நான் கடைக்காரர் கட்சி ஆகிவிடுவேன். குறைந்தது உண்மை. சட்டம் எட்டாத அக்கம்பக்க வட்டாரங்களில் கொஞ்சம் கூடியது என்பதும் உண்மை. கிங்ஸ் கிராஸில் ஆள் நடமாட்டமே ஒடுங்கிப்போய் பல இடங்கள் இழுத்து மூடின என்பதும் உண்மை. தலைவலிக்குத் தலையை எடுத்த வைத்தியம், ஆனால் வலி நின்றது. நகர மையத்தில் 2020 ஜனவரியிலும் கிங்ஸ் கிராஸில் 2021 மார்ச்சிலும் சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் பழைய கிங்ஸ் கிராஸ் இல்லை.

மார்ச் 5

"வட்டாரம் உருவாவது எப்படி" என்ற பக்கத்தை யாரும் தொடவே இல்லை. எனக்குத் தெரிந்தவரை யாரும் உருவாக்குவதில்லை. யாரோ ஒருவர் ஒரு இடத்தை மறந்துவிடுவார், அது உருவாகிவிடும்.

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் இருக்கும் டெம்பிள் பார் வட்டாரம் இதற்குச் சரியான உதாரணம். அங்கே பெரிய பேருந்து நிலையம் கட்டுவதற்காக அரசுப் போக்குவரத்து நிறுவனம் கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கியது. இடிக்கும்வரை சும்மா கிடப்பானேன் என்று குறுகிய காலக் குத்தகைக்கு, சொற்ப வாடகைக்கு விட்டது. ஓவியர்கள் வந்தார்கள், பழைய துணிக் கடைகள் வந்தன, இசைக்காரர்கள் ஒத்திகை பார்க்க வந்தார்கள். தெருவுக்கு ஒரு முகம் வந்துவிட்டது. கடைசியில் பேருந்து நிலையத்தைக் கைவிட்டு, 1991இல் அந்த இடத்தைக் கலை வட்டாரமாக்கத் தனியாக ஒரு அமைப்பையே ஏற்படுத்தினார்கள். நல்ல கதை, இங்கேயே நிறுத்தினால். அப்புறம் வாடகை ஏறியது, சுற்றுலா பேருந்துகள் வந்தன, பப்களுக்கு மட்டும் கட்டுப்படியானது. இன்று டெம்பிள் பார் என்றால் டப்ளின்காரரே முகத்தைச் சுளிப்பார்.

எங்கள் தெருவும் சின்ன அளவில் இதேதான். நான் முதலில் வேலை பார்த்த இடம் ஒரு கிடங்கின் நிலவறை. "ஆறு மாதத்தில் இடிக்கப் போகிறேன், அதுவரை வைத்துக்கொள்" என்றார் உரிமையாளர். ஏழு வருடம் இடிக்கவில்லை. நாளைக்கு இடம் இருக்குமா என்று தெரியாததால் யாரும் பளிங்கு போடவில்லை, கண்ணாடி மாட்டவில்லை, புதிதாக வந்த பையன்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மேடையைச் சும்மா விட்டோம். அதில் பாதி பேருக்குச் சுருதி சேராது. பரவாயில்லை. இப்போது பளிங்கு இருக்கிறது. சும்மா மேடை இல்லை. "வளர்ச்சி நின்றுவிட்டது" என்று கேள்வி கேட்டவர் சொல்வது இதைத்தானோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

மார்ச் 5, பின்னிரவு

மேலே எழுதியதைப் படித்தால் கிழவன் புலம்புகிற மாதிரி இருக்கிறது. ஒரு திருத்தம். அந்த நிலவறையில் அவசர வழி கிடையாது. ஒரே படிக்கட்டு, அதிலும் பாதியை எங்கள் ஸ்பீக்கர் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கும். இன்று அங்கே இரண்டாவது வாசல் இருக்கிறது. பளிங்கோடு வந்ததுதான் அதுவும்.

மார்ச் 8

சத்தம் பற்றிக் கேட்டவர்களுக்கு. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், இது என் தொழில்.

தெரு கலகலப்பானதும் மேலே குடியிருப்புகள் கட்டினார்கள். "துடிப்பான வட்டாரம்" என்று விளம்பரம் செய்து விற்றார்கள். வாங்கியவர்களுக்கு அந்தத் துடிப்பு கட்டில் வழியாக வந்தது. எங்களுக்கு நேர் மேலே இரண்டாவது மாடியில் ஓர் அம்மா, தனியாக இருப்பவர். புகார் மேல் புகார். ஆய்வாளர் இரண்டு முறை மீட்டரோடு வந்தார், எல்லைக்குள்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். நாங்கள் ஜெயித்தோம். அந்த அம்மா மூன்றாவது முறையும் எழுதினார்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வேறொருவரை மிக்சரில் நிறுத்திவிட்டு நானே என் மீட்டரை எடுத்துக்கொண்டு மேலே போனேன். படுக்கையறையில் 31 டெசிபல் காட்டியது. நூலகம் மாதிரி. "பாருங்கம்மா" என்று திரையைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, என் கையைப் பிடித்துத் துணி அலமாரியின் கதவில் வைத்தார். கதவு நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே டிரம் மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் ஒரு நடுக்கம். உள்ளே தொங்கிய கம்பி ஹேங்கர்கள் ஒன்றோடொன்று உரசி மெல்லக் கிணுகிணுத்தன. "தம்பி, இதை எந்த மீட்டரில் எழுதுவது?" என்றார்.

எழுத மீட்டர் இருக்கிறது, நாங்கள்தான் வசதியான பொத்தானை அழுத்தியிருந்தோம். சத்தத்தை அளக்கும்போது ஏ, சி என்று இரண்டு அளவுமுறை உண்டு. ஏ முறை மனிதக் காதைப் பின்பற்றுவதால் கீழ் ஸ்தாயியைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. 63 ஹெர்ட்ஸில் சுமார் 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். சி முறையில் அங்கே கழிவு ஒரு டெசிபல்கூட இல்லை. பொத்தானை மாற்றினேன், 58. கிளப் இசையின் உயிரே அந்தக் கீழ் ஸ்தாயியில்தான் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். சுவரில் பஞ்சு ஒட்டியெல்லாம் அதை நிறுத்த முடியாது. அதிலும் கீழ் ஸ்தாயிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான எங்கள் சப்வூஃபர் மரமேடை மேல், மேடை தூணோடு போல்ட் போட்டு, தூண் நேராக அந்த அம்மாவின் படுக்கையறைக்கு. காற்றில் போகவே இல்லை, கட்டடத்தின் எலும்பு வழியாகப் போயிருக்கிறது.

போல்ட்டைக் கழற்றினோம். சப்வூஃபருக்கு அடியில் கனமான ரப்பர் வைத்தோம். சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் கருவியான லிமிட்டரைப் பூட்டி சாவியை டிஜே கைக்கு எட்டாமல் வைத்தோம். வாசலில் இரண்டாவது கதவு, ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும். இதையெல்லாம் முதல் நாளே செய்திருக்கலாம். "எல்லைக்குள் இருக்கிறது" என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்த தாள் இருந்ததால் செய்யவில்லை.

இப்போது அந்த அம்மாவின் புகாரில் எங்கள் இசை இல்லை. 2 மணிக்குத் தெருவில் கத்துகிறவர்கள் மட்டும்தான்.

மார்ச் 9

"யார் முதலில் வந்தது என்று பார்க்க வேண்டாமா?" என்கிறார்கள். பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இல் அதை விதியாகவே ஆக்கியது, இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் 2018இல் சேர்ந்தது. சுருக்கமாகச் சொன்னால், ஏற்கெனவே இசை இருக்கும் இடத்தின் பக்கத்தில் புதிதாக வீடு கட்டினால் சத்தத் தடுப்புக்குக் கட்டுகிறவர் பொறுப்பு. இருக்கும் வீட்டுப் பக்கத்தில் புதிதாகக் கிளப் திறந்தால் கிளப்காரர் பொறுப்பு. நியாயமான விதி.

ஆனால் "நீங்கள்தானே அம்மா பின்னால் வந்தீர்கள்" என்று நான் ஒருமுறை படிக்கட்டில் அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவரா கட்டினார்? கட்டியவர் விற்றுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். விதி இருந்திருந்தால் அவரைத்தான் பிடித்திருக்கும். இன்னொன்று, இந்த விதி சுவருக்கு உள்ளே இருக்கும் சத்தத்துக்குத்தான். நடைபாதையில் நின்று காதலியோடு சண்டை போடுகிறவருக்கு எந்தக் கட்டுமான விதியும் கிடையாது.

மார்ச் 12

கழிப்பறை. இத்தனை நாள் யாரும் வாயே திறக்காதது ஆச்சரியம். எழுதுவோர் பெரும்பாலும் ஆண்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆம்ஸ்டர்டாமில் 2015இல் பின்னிரவில் வேறு வழியில்லாமல் தெருவோரத்தில் ஒதுங்கிய ஒரு பெண்ணுக்கு அபராதம் போட்டார்கள். அவர் வழக்காடினார். 2017இல் நீதிபதி, ஆண்களுக்கான திறந்த மூத்திரப்பிறையைப் பயன்படுத்தியிருக்கலாமே என்கிற ரீதியில் பேசி, அபராதத்தை உறுதிசெய்தார். அந்த நேரத்தில் நகரத்தில் ஆண்களுக்கு 35 இடம், பெண்களும் போகக்கூடியவை 3. பெண்கள் கூடிப் போராட்டம் நடத்தினார்கள். 2024இல் நகர நிர்வாகம் எல்லோரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறைகளுக்கு 40 லட்சம் யூரோ ஒதுக்குவதாக அறிவித்தது. ஒரு அபராதச் சீட்டிலிருந்து அதுவரை ஒன்பது வருடம்.

மார்ச் 13

நியூயார்க்கைப் பாருங்கள், 1904இல் சுரங்க ரயில் தொடங்கிய நாளிலிருந்து இரவு முழுவதும் ஓடுகிறது, ஒரு நாளும் நின்றதில்லை. அதுதான் அந்த நகரத்து இரவின் முதுகெலும்பு.

மார்ச் 14

நின்றிருக்கிறது. இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள். கொரோனா காலத்தில் 2020 மே முதல் ஒரு வருடம் பின்னிரவில் மூடித்தான் வைத்திருந்தார்கள். புயல், வேலைநிறுத்தம் வேறு. "ஒரு நாளும்" என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். முதுகெலும்பு நிற்கட்டும்.

மார்ச் 15

அதே நியூயார்க்கில், கேபரே சட்டம் என்று 1926இலிருந்து ஒன்று இருந்தது. தனி உரிமம் இல்லாத பாரில் ஆட்கள் ஆடக்கூடாது. 2017இல்தான் நீக்கினார்கள். ஜப்பானில் 1948ஆம் ஆண்டுச் சட்டம், நள்ளிரவுக்குப் பிறகு நடனம் கூடாது. பல கிளப்களில் "ஆடாதீர்கள்" என்று பலகையே மாட்டியிருந்தார்கள். 2015இல் திருத்தி 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. விடிய விடிய ஆடலாம், ஆனால் வெளிச்சம் 10 லக்ஸுக்கு மேல் இருக்க வேண்டும். இடைவேளையில் சினிமாக் கொட்டகை இருக்குமே, ஏறக்குறைய அந்த வெளிச்சம். மின்விளக்குக் கணக்கோடு டான்ஸை அனுமதித்த நாடு வேறு இருக்கிறதா தெரியாது.

டோக்கியோவில் எனக்குப் பிடித்தது வேறு. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், முதல் ரயில் 5 மணி வாக்கில். அதனால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வீட்டுக்குப் போகிறவர் நள்ளிரவுக்கு முன்பே எழுந்து ஓடுகிறார், தங்குகிறவர் முதல் ரயில்வரை தங்குகிறார். இடையில் நடுத்தெருவில் நிற்க வேண்டியவர் குறைவு. வசதிக்குறைவு என்று நாம் நினைப்பது அங்கே கூட்டத்தைக் கலைக்கும் வேலையைச் செய்கிறது. என் "வண்டி வேண்டும்" கட்சிக்கு இது கொஞ்சம் இடிக்கிறது. யோசிக்கிறேன்.

மார்ச் 19

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "நெரிசல்தான் அழகே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

தென்கொரியாவின் சோல் நகரம், இதேவோன் வட்டாரம், 2022 அக்டோபர் 29. ஹாலோவீன் வார இறுதி. சுரங்க ரயில் நிலையப் பக்கத்துப் பெரிய சாலையையும் மேலே பார்கள் இருக்கும் தெருவையும் இணைக்கும் ஒரு சரிவான சந்து, குறுகலான இடத்தில் 3.2 மீட்டர். மேலிருந்து இறங்குகிறவர்களும் கீழிருந்து ஏறுகிறவர்களும் அதே சந்தில். 159 உயிர்கள். நசுங்கிவிடுவோம் போலிருக்கிறது என்று காவல்துறைக்கு முதல் அழைப்பு வந்தது மாலை 6.34க்கு. பேரிடர் நடந்தது இரவு 10.15 வாக்கில். இடையில் இன்னும் பத்து அழைப்புகள். நிகழ்ச்சிக்கு அமைப்பாளர் என்று யாரும் இல்லாததால் கூட்டம் யாருடைய பொறுப்பும் இல்லை என்று ஆகிவிட்டது.

அந்தச் சந்தில் ஏற மட்டும், பக்கத்துச் சந்தில் இறங்க மட்டும் என்று கயிறு கட்டி நான்கு பேர் நின்றிருந்தால்? எனக்கு அந்த ஒரே படிக்கட்டு நிலவறை ஞாபகம் வந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் சாமர்த்தியம் அல்ல.

மார்ச் 21

முதல் கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் பாதி சரி. ஒப்புக்கொள்கிறேன்.

ஆம்ஸ்டர்டாமில் "இரவு மேயர்" என்று ஒரு பொறுப்பு. 2012இலிருந்து 2018 வரை மிரிக் மிலான் அதில் இருந்தார். அதிகாரம் கிடையாது, கடைக்காரர், குடியிருப்போர், நகர நிர்வாகம் மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பதுதான் வேலை. 2013 வாக்கில் சில இடங்களுக்கு, பெரும்பாலும் மையத்துக்கு வெளியே, 24 மணி நேர உரிமம் கொடுத்தார்கள். விடிய விடியக் குடிக்க வைப்பது நோக்கமல்ல. எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வராமல், அசந்தவர் அசந்தபோது போகட்டும் என்பதற்குத்தான். ரெம்ப்ராண்ட்பிளைன் சதுக்கத்தில் 2015 முதல் வார இறுதி இரவுகளில் சிலரை நிறுத்தினார்கள். போலீஸும் இல்லை, பவுன்சரும் இல்லை. வழி சொல்வது, கத்துகிறவரிடம் சிரித்துக்கொண்டே மெதுவாகப் பேசச் சொல்வது, தனியாகத் தள்ளாடுகிறவரைப் பார்த்துக்கொள்வது.

இங்கிலாந்தும் 2005 நவம்பரில் இதே கணக்கில்தான் பப்களின் ஒரே மாதிரியான 11 மணி மூடலைத் தளர்த்தியது. நாடே குடித்து அழியும் என்று பத்திரிகைகள் கத்தின. பெரும்பாலான பப்கள் கொஞ்ச நேரம்தான் நீட்டின.

ஆக நான் "வண்டி வேண்டும்" என்றது பாதி, நீங்கள் "நேரத்தை எடு" என்றது பாதி. சிக்கல் மூடுவதில் இல்லை, எல்லோரும் சேர்ந்து மூடுவதில். டோக்கியோ இடித்த இடமும் இதுதான்.

மார்ச் 27

வேலை செய்கிறவர்களை மறந்துவிட்டோம். லண்டனில் 2016 ஆகஸ்ட் முதல் இரவு ரயில். வெள்ளி, சனி மட்டும். ஆடப் போகிறவருக்கு அது போதும். செவ்வாய்க்கிழமை தட்டு கழுவுகிறவருக்கு? எங்கள் இடத்தில் பாத்திரம் தேய்க்கும் பெண்மணி வேலை முடிந்து முதல் பேருந்துவரை சமையலறையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து தூங்குவார். பல வருடம். நானும் அவரைத் தாண்டித்தான் தினமும் கேபிள் பெட்டியைத் தூக்கிப்போவேன். ஒரு நாற்காலி போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஐந்தாவது வருடம்.

ஏப்ரல் 6

நகர நிர்வாகத்துக்கு மனு எழுதுகிறோம். கடைகள் அரை மணி இடைவெளியில் மூன்று தவணையாக மூட வேண்டும், இரவுப் பேருந்து தினமும் ஓட வேண்டும், நிறுத்தத்தைத் தெருமுனைக்கு அப்பால் குடியிருப்பு இல்லாத பக்கம் மாற்ற வேண்டும், பெண்கள் போகக்கூடிய கழிப்பறை இரண்டு. மனுவுக்குக் கணக்கு வேண்டும் என்றார்கள். நேற்று சனிக்கிழமை, மேல்வீட்டு அம்மாவின் ஜன்னலில் உட்கார்ந்து எண்ணினேன். 2.05க்கு நடைபாதையில் 140 பேர், 2.40க்கும் கலையாமல் நின்றவர்கள் 60.

அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்துக்குப் பின்னால் நின்றவர்களை நான் விட்டுவிட்டேனாம். அடுத்த சனிக்கிழமை அவரே எண்ணுகிறாராம்.